இலையில் வைத்த கிரம்பிள்

ஏற்காடு
18.2.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இளவரசி எழுதுகிறேன். உயிரோடும் சுகமாகவும் இருக்கிறேன். நீயும் நைனாவும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலிக்கு வாங்கின தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. போனில் பேச எனக்குத் துணிவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தபோது உன்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினேன். அந்த நம்பரை வைத்துக்கொண்டு மோகன் அண்ணன் ஆட்களோடு வந்து என் வீட்டுக்காரரை அடித்துப் போட்டான். அவருக்கு வலது மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்புவதில்லை. அதனால்தான் சசிரேகா அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். "போன்னா எனக்கு வம்பு. லெட்டர்னா அது என் வேல. உங்கம்மா கையில நான் சேத்துடுவேன்" என்று பதில் போட்டார். நம் ஊருக்குத் தபால்காரியாக அக்கா வந்தது என் நல்ல நேரம்.

இங்கே ஒரு சின்ன பேக்கரியில் இரண்டு பேரும் வேலை செய்கிறோம். அவர் அடுப்பில், நான் பாக்கெட் போடுவதில். போன வாரம் மாஸ்டர் லீவு. விருந்தினர் விடுதியிலிருந்து கிரம்பிள் என்று ஒரு வெள்ளைக்காரப் பலகாரம் கேட்டு ஆர்டர் வந்துவிட்டது. அடியில் பழம், மேலே உதிரி உதிரியாக மாவு, அப்படியே சுட வேண்டும். மாஸ்டர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து நானே செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. பேரிக்காய் வெந்து பாகாகி ஓரத்தில் கொதித்து வந்தபோது உன் வெல்லப்பாகு வாசனை வந்தது. கரண்டியோடு நின்று அழுதுவிட்டேன். அவர் வந்து, கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எனக்கு மூன்றாவது மாதம் அம்மா. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் உண்டா என்று நைனாவிடம் கேட்கச் சொல்லவில்லை. உன் மனதில் வைத்திரு.

பாசத்தோடு உன் மகள்,
இளவரசி


சாலவாக்கம்
9.3.2024

என் கண்ணு இளவரசிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அந்த அளவுக்கு நலம். நீ நன்றாகச் சாப்பிடு. வாந்தி இருக்கிறதா? நார்த்தங்காய் ஊறுகாய் கிடைத்தால் நாக்கில் தடவிக்கொள். பப்பாளிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.

உன் கடிதத்தை சசிரேகா மின்சார பில்லோடு சேர்த்துக் கொடுத்தாள். மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். மூன்றாவது மாதம் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அழுகையும் வந்தது. மாடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ வீணாக ஆசையை வளர்ப்பாய். நீ போன மறுநாள் உன் நைனா ஏரிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத்துணியோடு வந்தார். "எனக்கு ஒரு புள்ளதான். இந்த வூட்ல அவ பேர எவனாவது எடுத்தா அன்னிக்கு நான் சோறு துன்ன மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து உன் பெயர் இங்கே கிடையாது. உன் பள்ளிக்கூட போட்டோவை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். எரித்துவிட்டாரோ என்று அடுப்புச் சாம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தேன்.

ஆனால் கல்லும் ஒருநாள் கரையும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சொன்ன அந்தப் பலகாரம் இருக்கிறதே, உதிரி மாவு போட்டது, அதை எப்படிச் செய்வது என்று எழுது. அவருக்கு நாக்கு நீளம் என்பது உனக்குத் தெரியாதா? கோபத்தை விழுங்குவார், இனிப்பை விடமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்னைப் பெத்தவள்,
ஆதிலட்சுமி


ஏற்காடு
27.3.2024

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாந்தி குறைந்திருக்கிறது. நார்த்தங்காய் கிடைக்கவில்லை, எலுமிச்சை கிடைத்தது. பேக்கரிக்காரம்மா நல்ல மாதிரி, உட்கார்ந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்.

கிரம்பிள் கேட்டாயே. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழத்தைத் துண்டு போட்டுக் கொஞ்சம் சர்க்கரை, பட்டைத்தூள் புரட்டி, நெய் தடவின கிண்ணத்தில் பரப்பு. மைதா இரண்டு பங்கு, வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. வெண்ணெய் குளிர்ந்து கட்டியாக இருக்க வேண்டும். விரல் நுனியால் மாவோடு சேர்த்து உதிர்த்துக்கொண்டே வா, ரொட்டித்தூள் மாதிரி ஆகும். அதைப் பழத்தின் மேல் தூவிவிடு. நம் வீட்டில் ஓவன் இல்லை என்பதால் பெரிய குக்கரை எடுத்துக்கொள். அடியில் மணல் கொட்டு. ரப்பரையும் விசிலையும் கழற்றிவிட்டு மணலை நன்றாகச் சூடாக்கு. உள்ளே ஒரு ஸ்டாண்டு போட்டுக் கிண்ணத்தை வைத்து மூடிச் சிறு தீயில் விடு. அங்கே பேரிக்காய்க்கு எங்கே போவாய், கிணற்றங்கரை மாமரத்தில் செங்காய் வந்திருக்குமே, அது போதும்.

அம்மா, ஒன்று கேட்கட்டுமா? கடிதத்தில் மாடு வரைக்கும் வந்திருந்தது. எல்லோரைப் பற்றியும் எழுதியிருந்தாய், ஒருவரைத் தவிர. கடிதத்தை அவர் கையில் கொடுத்தபோது முழுவதும் படித்துவிட்டு, "அம்மா எழுத்து அழகா கீது" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நீ நலமாக இரு, அது போதும் எனக்கு.

இளவரசி


சாலவாக்கம்
30.4.2024

இளவரசிக்கு,

அம்மாவின் ஆசி. அந்தப் பையனுக்கு மணிக்கட்டு எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்த பிறகும் வலித்தால் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல். எழுதியாகிவிட்டது, இனிமேல் குறை சொல்லாதே.

உன் கிரம்பிள் கதையைக் கேள். நைனாவும் மோகனும் உத்திரமேரூருக்கு உரம் வாங்கப் போன நாளாகப் பார்த்துச் செய்தேன். மாவை உதிர்க்கச் சொன்னாய், சரி. ஆனால் உதிரியாக இருக்கிற மாவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் கையால் முடியவில்லை. இத்தனை வருஷம் பிசைந்த கை. வெண்ணெயை உருக்கி ஊற்றி, அதிரச மாவு மாதிரி அடித்துப் பிசைந்து, பூப்போல ஆக்கிவிட்டேன். பிறகு மாங்காயின் மேல் தட்டித் தட்டி ஒட்டினேன். அதோடு விட்டேனா? தண்ணீர் இல்லாமல் குக்கரை அடுப்பில் வைத்தால் வெடித்துவிடாதா என்று பயம். மணலின் மேல் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி, ரப்பர் போட்டு, விசிலும் போட்டுவிட்டேன்.

திறந்து பார்த்தால் மாங்காய்க் குழம்பின் மேல் ஒரு பெரிய கொழுக்கட்டை. கரண்டியை வைத்தால் கரண்டிதான் வளைகிறது. மறைப்பதற்குள் மோகன் வந்துவிட்டான். "இன்னாம்மா இது, மாட்டுக்கு வெச்ச களியா?" என்றான். ஆமாம் என்று சொல்லி மாட்டுக்கே வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிவிட்டது.

மோகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். காவாந்தண்டலத்தில் ஒரு இடம் கூடி வருகிறது. நம் வீட்டில் கல்யாணம் வந்தால் எனக்கும் துணிச்சல் வரும் என்று நினைக்கிறேன். நல்ல காரியத்தின்போது மனுஷனுக்கு மனம் இளகும் அல்லவா?

ஐந்தாம் மாதம் நடக்கிறது, மாடிப்படி ஏறி இறங்காதே.

அம்மா


ஏற்காடு
12.5.2024

அம்மா,

உன் கடிதத்தைப் பேக்கரியில் உட்கார்ந்து படித்து நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் இருப்பது முதல் தடவையாக உதைத்தது. சத்தியமாக. அது உன் கொழுக்கட்டைக்குத்தான் உதைத்தது.

மாவைப் பிசையாதே. கையைக் கட்டிப்போட்டுக்கொள். வெண்ணெயை உருக்காதே. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. குக்கர் வெடிக்காது, அதற்குத்தான் ரப்பரைக் கழற்றச் சொன்னேன். குக்கரில் மேல்மாவு சிவக்காது என்று அவர் சொல்கிறார். கடைசியில் தோசைக்கல்லில் தணல் அள்ளிப் போட்டு, அந்தக் கல்லைக் கிண்ணத்தின் வாய்க்கு மேலே வைத்தால் சிவக்கும் என்கிறார். இதை உனக்கு எழுதச் சொன்னவர் அவர்தான். ஒத்தடத்துக்கும் நன்றி சொல்லச் சொன்னார். ஒத்தடம் என்று நீ எழுதின வரியை இரண்டு தடவை படித்தார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணமா? எனக்குச் சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. அவன் அடிக்கும்போது "எங்க வூட்டுக்கு இனிமே எவன்டா பொண்ணு குடுப்பான்" என்று கத்திக்கொண்டேதான் அடித்தான். இப்போது யாரோ கொடுக்கிறார்கள். நல்லது.

நைனாவுக்குக் கண் மருந்து தீராமல் வாங்கி வை.

இளவரசி


சாலவாக்கம்
9.6.2024

என் தங்கத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்கு இன்று முட்டியே வலிக்கவில்லை. ஏன் என்று கேள்.

வந்துவிட்டது இளவரசி. பொன்னிறமாக, மொறுமொறுவென்று, அடியில் மாங்காய் தேன் மாதிரி. மாவு உதிர்க்கும்போது இடது கையை முந்தானையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரே கையால் செய்தேன், இரண்டு கையும் சேர்ந்தால் பிசைந்துவிடும். மாப்பிள்ளை சொன்ன தணல் யோசனைதான் சரியான யோசனை.

நைனா கழனியிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்று, "இன்னாமே இது, வாசன தெரு முனை வரைக்கும் தூக்குது" என்றார். கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய், இரண்டு வாய். "நல்லா கீதே. யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். டிவியில் பார்த்தேன் என்று சொல்லத்தான் இருந்தேன். வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "உங்க பொண்ணு செய்யற பலகாரம் இது" என்று வந்துவிட்டது.

கரண்டி அப்படியே நின்றது. எப்படித் தெரியும், யார் சொன்னது என்று கேட்பார், சசிரேகாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. பிறகு, "இன்னொரு வாட்டி எப்ப செய்வ?" என்றார்.

இவ்வளவு நாளில் உன் பேச்சை எடுத்தும் அவர் சாப்பாட்டை நிறுத்தாதது இதுதான் முதல் தடவை. அன்று ராத்திரிச் சோறும் சாப்பிட்டார்.

மோகன் சம்பந்தம் முடிவாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். காவாந்தண்டலத்துக்காரர்கள் உன்னைப் பற்றி விசாரித்தார்கள். "ஒரு பொண்ணு இருந்துதாமே?" என்று அந்த அம்மாள் கேட்டதும் நைனா அவர்களைக் கிணற்றங்கரைப் பக்கம் அழைத்துப் போய் என்னவோ சொன்னார். திரும்பி வரும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்பிக்கையாக இரு.

அம்மா


ஏற்காடு
25.6.2024

அம்மா,

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று தெரியாது. நைனா அழுதார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் தாண்டி எனக்குப் படிக்கவே வரவில்லை.

இங்கே இவர் பயப்படுகிறார். "உங்க நைனா அழுதாருன்னா அது நல்லதா கெட்டதான்னு நமக்கு இன்னா தெரியும்?" என்கிறார். அடி வாங்கினவருக்கு அப்படித்தான் இருக்கும். நான் அவரோடு சண்டை போட்டேன். பிறகு நானே சமாதானமும் ஆனேன்.

எனக்கு ஆசை வந்துவிட்டது அம்மா. இதுவரை வைக்காத ஆசை. என் பிள்ளை நம் வீட்டு நடு அறையில் பிறந்து, நைனா சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். நீ சொல்லாமல் நான் அடி எடுத்து வைக்க மாட்டேன். நீ சொல்.

என் மாமியார் பிரிஸ்கில்லா அம்மா ஊரிலிருந்து வந்து துணைக்கு இருக்கிறார். உன்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லச் சொன்னார். ஒரே ஊரில் இருந்துகொண்டு, தெரு வேறு என்பதால், உன்னிடம் நின்று பேசினது கிடையாதாம். "உங்கம்மா களத்துமேட்ல என்ன பாத்து ஒரு வாட்டி சிரிச்சாங்க" என்று ஞாபகம் வைத்திருக்கிறார்.

இளவரசி


சாலவாக்கம்
21.7.2024

இளவரசிக்கு,

மாப்பிள்ளைக்கும் பிரிஸ்கில்லாவுக்கும் நான் கேட்டதாகச் சொல். களத்துமேட்டில் நான் சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. இனிமேல் சிரிக்கிறேன்.

வா. அம்மா சொல்கிறேன், வா.

காரணமில்லாமல் சொல்லவில்லை. நம் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். உன் அத்தை, நைனாவின் தங்கை, தாலி ஏறாமலே மஞ்சள்காமாலையில் போனாளே, அவளுக்குப் புதுப்புடவை, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைத்து, முன்னால் நின்று கல்யாணத்தை நடத்திக் கொடு என்று கூப்பிடுவோமே, அது. செத்த பிறகு அவளுக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி எனக்கு உயிரோடு கிடைத்தால் போதும் என்று நான் ஒவ்வொரு படையலிலும் முணுமுணுப்பேன், நீ சிரிப்பாய்.

அதற்குப் புடவை வாங்க நைனா காஞ்சிபுரம் போனார். வந்து பையைப் பிரித்தால் இரண்டு புடவை! அத்தைக்கு எப்போதும் போல அரக்கு. இன்னொன்று மயில்கழுத்துக் கலர். உன் கலர். உன் பெரிய மனுஷி சடங்குக்கு அடம்பிடித்து வாங்கினாயே, அதே கலர். கண்ணாடி வளையலும் இரண்டு டஜன். "இது யாருக்குங்க?" என்றேன். "எம்பொண்ணுக்கு" என்றார். வாயால் சொன்னார் இளவரசி. எம்பொண்ணுக்கு என்று சொன்னார்.

வளையலும் புடவையும் மாசமாக இருக்கிற பெண்ணுக்கு இல்லாமல் யாருக்கு? நீ மாசமாக இருப்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது, வெளியே கேட்க வெட்கம். "அந்தப் பலகாரத்த நெறைய செய். அன்னிக்கு இருக்கணும்" என்று எனக்கு உத்தரவும் போட்டுவிட்டார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது.

படையல் ஆடி கடைசி வெள்ளிக்கிழமை. நீ அன்று மத்தியானத்துக்கு வந்து வாசலில் நில். அவராகவே கூப்பிடுவார். மாப்பிள்ளை மட்டும் இந்தத் தடவை உத்திரமேரூரிலேயே இருக்கட்டும், மோகன் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறான். அப்புறம் மெதுவாக அவரையும் கூப்பிட்டுக்கொள்வோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார். முன் சீட்டாகப் பார்.

காத்திருக்கும் அம்மா


ஏற்காடு
1.8.2024

அம்மாவுக்கு,

வருகிறேன். டாக்டரம்மா பயணம் வேண்டாம் என்றார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நடுவில் சேலத்தில் தங்கிப் போகச் சொன்னார். அவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பார். நான் டவுன் பஸ் ஏறித் தனியாக வந்துவிடுவேன்.

மயில்கழுத்துப் புடவையை நினைத்தால் எனக்குப் பசிகூட எடுக்கவில்லை. இந்த வயிற்றோடு அதைக் கட்டினால் எப்படி இருப்பேன்? மயில் மாதிரியா, மயிலை விழுங்கின மலைப்பாம்பு மாதிரியா?

வெள்ளிக்கிழமை பார்ப்போம் அம்மா. நிறைய செய்து வை. மேல்மாவு மொறுமொறுப்பாக இருக்கட்டும்.

இளவரசி


சாலவாக்கம்
19.8.2024

இளவரசிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. நல்லதாகப் போயிற்று. உடம்பு முடியவில்லையா, மாப்பிள்ளை தடுத்தாரா, எதுவாக இருந்தாலும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நீ வேறொரு நாள் கிளம்பி வந்துவிடுவாய்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவரில் உன் அத்தை படத்துக்குப் பக்கத்தில் நைனா இன்னொரு படத்தை மாட்டினார். உன் பள்ளிக்கூட போட்டோ. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, குங்குமம் வைத்திருந்தார். காவாந்தண்டலத்துக்காரர்களுக்கு நீ போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாய் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகாத பெண் செத்தால் அவளும் பூவாடைக்காரிதானே? அவளுக்குப் படைக்காமல் அவள் அண்ணன் கல்யாணத்தை எப்படி நடத்துவது? இரண்டாவது புடவை அதற்குத்தான். வளையல் அதற்குத்தான். பலகாரம் அதற்குத்தான்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் பூவாடைக்குப் படைத்தவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆசை என் கண்ணைக் கட்டிவிட்டது.

"உசுரோட கீற பொண்ணுக்கு இன்னாய்யா பண்றீங்க" என்று அவரைக் கேட்டேன். அவர் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. என் தலையைத் தடவினார். "அழாதமே. பாப்பாவ நான் தெய்வமா வூட்லயே வெச்சுக்கறேன். எங்கியும் அனுப்ப மாட்டேன்" என்றார். அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசினதே கிடையாது. அதற்குள் சம்பந்தி வீட்டு வேன் வந்துவிட்டது.

நான் படையல் பக்கமே போகவில்லை. கடைசி வரைக்கும் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நைனாதான் எல்லாவற்றையும் இலையில் வைத்துப் படைத்தார்.

இனி நீ வராதே. எந்தக் காரணத்துக்கும் வராதே. நீ உயிரோடு இருப்பது சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று மோகன் பயப்படுகிறான். பயப்படுகிறவன் எதையும் செய்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அம்மா


சாலவாக்கம்
15.9.2024

இளவரசிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. சசிரேகா தலையைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடுகிறேன். அவள் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறாள்.

மோகன் கல்யாணம் முடிந்தது. மருமகள் நல்ல பெண்தான். தினமும் விளக்கு ஏற்றும்போது உன் படத்துக்கும் பூ வைக்கிறாள். "நாத்தனாரு ரொம்ப அழகா கீறாங்க அத்தே" என்கிறாள்.

உனக்கு நாள் நெருங்கிவிட்டது. வலி வந்ததா? பிறந்துவிட்டதா? ஆணா பெண்ணா என்று ஒரே ஒரு வரி போடு. மாப்பிள்ளையையாவது போடச் சொல்.

அம்மா


ஏற்காடு
6.10.2024

அம்மாவுக்கு,

பெண் குழந்தை. சேலம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். பதில் போடாததற்குக் காரணம் உடம்பு இல்லை.

நான் வந்தேன் அம்மா. அந்த வெள்ளிக்கிழமை சொன்னபடி மத்தியானம் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நம் தெருவுக்கு வந்தேன். எல்லோரும் உள்ளே இருந்தார்கள். வாசலில் செருப்பாகக் கிடந்தது. வேனுக்குப் பின்னால் நின்றால் நடு அறை முழுவதும் தெரிந்தது. என் படமும் தெரிந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. நான் வரப்போகிறேன் என்று என் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு ஆசையோடு வந்திருந்தேன்.

பிறகு நைனா சூடம் ஏற்றிக் கையைக் குவித்துக்கொண்டு கூப்பிட்டார். "பாப்பா, வாம்மா. எங்க இருந்தாலும் வா. நைனா கூப்பிடறேன், வந்து நில்லுடா கண்ணு." தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டார். பிறந்ததிலிருந்து என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் கால் தானாக ஒரு அடி முன்னால் போனது. நான் அவரிடமிருந்து நாலு வீட்டு வாசல் தூரத்தில்கூட இல்லை. போய் நின்றிருந்தால் கூப்பிட்டவரே என்னைப் பார்த்துப் பயந்திருப்பார். திரும்பிவிட்டேன்.

நீ அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தாய். நீ அவர் பக்கத்தில் நின்றிருந்தாய். மயில்கழுத்துப் புடவையை எனக்கென்று வைத்திருந்த சொம்பின் மேல் சுற்றினது நீ. கிரம்பிளைக் கிண்ணத்திலிருந்து இரண்டு கையாலும் எடுத்து இலையில் வைத்ததும் நீதான். மேல்மாவு கலையாமல் அவ்வளவு பதமாக வைத்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீட்டில் நீ வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை.

பிரசவத்தின்போது நர்சம்மா கேட்டார், "தலைப்பிரசவம், அம்மா வீட்டுலேர்ந்து யாரும் வரலியா?" என்று. என் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "அவளுக்கு யாரும் இல்லம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டு அவர் என் நெற்றியைத் துடைத்தார்.

அப்படியில்லை என்று நான் சொல்லவில்லை அம்மா.

இளவரசி